அனுசுயா அக்கா கத்தாத நாட்கள்

அனுசுயா அக்கா காலையில் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தால், அன்றைக்கு நடக்கப்போகும் விபத்துகளை எல்லாம் முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும். பொதட்டூர்பேட்டை பஸ் வராது. கரண்ட் போகும். ஜெனரேட்டரில் டீசல் இருக்காது. டீசல் இருந்தால் அதைப் போடுகிற ஆள் இருக்க மாட்டான். டிபன் பாக்ஸில் சோறு வைக்கும்போதே அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். சாமி கும்பிடுகிறாள் போலிருக்கிறது என்று வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.

அவள் என் பெரியப்பா மகள். திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற வழியில், குழந்தைகளுக்கான கவுன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தையல்காரியாகச் சேர்ந்து, ஒரு லைன் முழுவதையும் பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்தவள். லைன் என்றால் வரிசையாகப் போட்ட தையல் மிஷின்கள். ஒருத்தி கை தைப்பாள், அடுத்தவள் கழுத்து தைப்பாள், கடைசியில் கவுன் முழுசாக வெளியே வரும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கமிருந்தெல்லாம் பெண்கள் பஸ் பிடித்து வருகிறார்கள்.

அக்கா வேலை வாங்குகிற முறை கத்துவது. மிஷின் சத்தத்துக்கு மேலே எழும்பி, ரோட்டில் இருக்கும் டீக்கடை வரைக்கும் போகிற குரல். ஆனால் அந்தக் கத்தலில் என்ன இருக்கும் என்று காதுகொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

"ஏய் கயலு! நேத்து கொழந்தைக்கு ஜொரம்னியே, மாத்திரை குடுத்தியா இல்லியா? குடுக்கலயா? அப்ப இங்க இன்னாடி உனுக்குத் தையல் வேண்டிக்கிடக்குது? போன் பண்ணி உங்க அத்தைக்குச் சொல்லு! கை தையல் கோணலாப் போவுது பாரு, பிரி அத!"

இது ஒரே மூச்சில் வரும். கயல்விழி ஒரு கையால் தையலைப் பிரித்துக்கொண்டே இன்னொரு கையால் போன் எடுப்பாள். அடுத்த மிஷினுக்கு அடுத்த திட்டு. லைன் ஓடும்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் லீவில் ஊருக்கு வந்திருந்த சமயத்தில் கம்பெனியின் ஃப்ளோர் இன்சார்ஜ் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். எல்லா லைனுக்கும் மேலே இருக்கிற பதவி அது. மாடிப்படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை, ஏ.சி., சுழல் நாற்காலி. அக்கா சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையை அண்ணாந்து பார்த்தவள். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், உட்காருவார்கள், போவார்கள். கீழே மிஷினில் இருந்த ஒருத்திகூட அந்தப் படியில் ஏறிப் போய் உட்கார்ந்ததில்லை.

"இந்த வாட்டி எனக்குத்தான்டா," என்று என்னிடம் சொன்னாள். சொன்ன கையோடு, "கெடைக்கலன்னா?" என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.

முடிவு செய்ய வேண்டியவன் முதலாளி மகன் சூர்யபிரகாஷ். அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கி அதிக நாள் ஆகவில்லை. நல்ல பையன். சட்டைப் பையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை வைத்திருப்பான். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே ஒன்றை வாயில் போட்டுக்கொள்வான். ஆட்களை நடத்துகிறவர்களுடைய மனம் ஆரோக்கியமாக இருந்தால்தான் கம்பெனி ஆரோக்கியமாக இருக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, சென்னையிலிருந்து நிர்மலா என்கிற பயிற்சியாளரை வரவழைத்தான். சூப்பர்வைசர்களை எல்லாம் உட்கார வைத்து அவர் கேள்வி கேட்டார்.

"சின்னச் சின்ன விஷயங்களுக்கும் கவலைப்படுவீங்களா?"

"எது சின்ன விஷயம்னு சொல்லுங்க மேடம்," என்றாள் அக்கா.

"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?"

"தூங்குவேனே. முழிச்சிக்கினே தூங்குவேன்."

பக்கத்து லைனின் சூப்பர்வைசர் தமிழ்செல்வி அந்த நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கும் பதற்றம் கிடையாது. கூரை இடிந்து விழுந்தாலும், "காத்து நல்லா வருது," என்பாள். மன அமைதியில் அவளுக்குத்தான் முதலிடம் வந்தது. கவலையில் முதலிடம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சூர்யபிரகாஷ் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. மேல இருக்கறவங்க டென்ஷனா இருந்தா கீழ இருக்கறவங்களுக்கும் அது தொத்திக்கும்னு மேடம் சொல்றாங்க. இன்சார்ஜ்னு பாத்தா நீங்க, இல்லன்னா தமிழ்செல்வி, ரெண்டு பேர்தான். ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை மேடம் திரும்ப வருவாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் அமைதியா இருந்து பாருங்களேன்."

நிர்மலா மேடம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கவலை வரும்போது கண்ணை மூடி, மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, கொஞ்ச நேரம் பிடித்து, மெதுவாக விட வேண்டும். அக்கா அதை எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்து காட்டினாள். கண்ணை மூடியிருந்தாலும் புருவம் இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் திங்கட்கிழமை. அக்கா புன்னகையோடு லைனுக்குள் நுழைந்தாள்.

"வாங்கம்மா. எல்லாரும் உக்காருங்க. பொறுமையா ஆரம்பிக்கலாம்."

ஒரு மிஷினும் ஓடவில்லை. கயல்விழி பஸ் தவறி, தாமதமாக ஓடி வந்தாள். வருகிற திட்டுக்குக் குனிந்து தயாராக நின்றாள்.

"பரவால்லம்மா கயல்விழி. போய் உக்காரு."

கயல்விழி நேரே பாத்ரூமுக்குப் போய் அழுதாள். அக்கா முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், வாயில் "அம்மா" வேறு. தன்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

மத்தியான சாப்பாட்டு நேரத்துக்குள் செய்தி பெருத்துவிட்டது. கம்பெனியை விற்கப் போகிறார்கள். இல்லை, விற்கவில்லை, அனுசுயா அக்காவுக்கு நெஞ்சில் ஏதோ. டாக்டர் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாள் குறித்துவிட்டார் என்று கூட ஒருத்தி சொன்னாள். ஆள் இருக்கும்போதே இரங்கல் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. அயர்ன் மாஸ்டர் குமரேசன், தைத்து வந்த கவுன்களுக்கு இஸ்திரி போடுகிறவன், அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க ஆரம்பித்தான்.

"இன்னா குமரேசா, எதுக்கு எந்திரிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. நீ உக்காரு. தண்ணி குடிக்கிறியா? எளநி வாங்கியாரட்டா?"

பயத்தில் தைத்த கவுன்களுக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பிரித்துத் தைக்க வேண்டியவை மூலையில் குவிந்தன. அக்கா அந்தக் குவியலைப் பார்ப்பாள், கண்ணை மூடுவாள், மூச்சை இழுப்பாள். பெண்கள் அதைப் பார்த்து, நெஞ்சு வலிதான், சந்தேகமே இல்லை என்று தீர்மானிப்பார்கள்.

கம்பெனியில் அடக்கி வைத்த கத்தல் எங்கே போயிற்று என்றால், அக்காவின் கணவர் சக்திவேல் பாவாவிடம் போயிற்று. பாவா மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல வழுக்கை, அதற்கு ஈடுகட்ட என்று வளர்த்த பெரிய மீசை. ஒரு லைன் முழுவதுக்கும் பங்கிட்டுப் போக வேண்டிய திட்டு, சாயந்திரம் அந்த ஒற்றை மனிதர் மேல் இறங்கியது. செருப்பைக் கோணலாக விட்டதற்கு அவர் வாங்கியது கயல்விழியும் குமரேசனும் சேர்ந்து ஒரு வாரத்துக்கு வாங்குவது.

ஒரு நாள் என்னை ஆட்டோவில் உட்கார வைத்துத் தெருமுனை தாண்டியதும் சொன்னார்: "மச்சான், உங்கக்காவுக்கு அந்த வேலை சீக்கிரம் கெடைக்கணும். இல்லன்னா நான் வேற ஊரு பாக்கணும்."

"கெடைச்சிடும் பாவா."

"நான் வேண்டிக்கினேன் மச்சான். முருகா, என் பொண்டாட்டி இன்சார்ஜ் ஆனா மொட்டை போடறேன்னு."

நான் அவர் தலையைப் பார்த்தேன்.

"எனக்கு இல்ல மச்சான். எனக்குப் போடறதுக்கு இன்னா கீது? அவளுக்கு."

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சீப்பில் இரண்டு முடி வந்தாலே அன்றைக்கெல்லாம் கவலைப்படுவாள். "அக்கா கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"சாமி கிட்ட வேண்டிக்கிறதுக்கு இவ கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? கொழந்தைங்களுக்கு வேண்டிக்கறோமே, கேட்டுக்கினா வேண்டிக்கறோம்? யாருக்கு நல்லது நடக்கணுமோ அவங்க முடி. அதான முறை."

இதே முறை பாவாவுக்கு மட்டும் தெரிந்ததல்ல என்பதுதான் சங்கடம். அன்றைக்கு மறுநாள் டீக்கடையில் பார்த்தபோது குமரேசன் என் காதருகே வந்து சொன்னான்: அக்கா உடம்பு சரியாகிப் பழையபடி கத்தினால் அக்காவுக்கு மொட்டை போடுவதாக அவனும் வேண்டியிருக்கிறான். கயல்விழியும் அதையே தனியாக வேண்டியிருக்கிறாள். லைனில் இன்னும் யார் யார் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. பாவாவின் வேண்டுதல் பலித்தால் அக்கா அமைதியாகிப் பதவிக்குப் போக வேண்டும். இவர்களுடையது பலித்தால் அக்கா கத்திப் பதவியை இழக்க வேண்டும். எது பலித்தாலும் போகப் போவது ஒரே முடி. இதை அக்காவிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் கத்துவாள், கத்தினால் பதவி போய்விடும். சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. நிர்மலா மேடமும் சூர்யபிரகாஷும் கண்ணாடி அறையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் அக்கா மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போயிருந்தேன். அவள் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். கதவோரம் நின்றேன்.

அக்கா சிரித்த முகமாக லைனில் நடந்துகொண்டிருந்தாள். அப்போது கயல்விழியின் மிஷினில் ஊசி உடைந்தது.

கவுன் கம்பெனியில் ஊசி உடைவது தினமும் நடப்பதுதான். ஆனால் உடைந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஓர் அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். துணிக்குள் ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டு, அதைப் போடுகிற குழந்தையின் உடம்பில் குத்திவிடக் கூடாது என்பதற்காக. கயல்விழி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். முனை மட்டும் கிடைக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்திட்டுத் தேடலாமா?" என்று அக்கா மென்மையாகக் கேட்டாள்.

அத்தனை மிஷின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்டிருக்காது. கவுன் கட்டு ஒன்று அடுத்த மிஷினுக்குப் போயிற்று.

"கொஞ்சம் நிறுத்தலாமாம்மா?"

கட்டு அதற்கும் அடுத்த மிஷினுக்குப் போயிற்று. பக்கத்து லைனிலிருந்து தமிழ்செல்வி, "கெடைக்கும் விடுக்கா, எங்க போயிடப் போவுது," என்றாள்.

அக்கா கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். சொல்லிக்கொடுத்த மாதிரியே மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தாள். பிடித்தாள். இத்தனை நாள் பயிற்சியில் அவளுடைய நெஞ்சு நன்றாக விரிந்து பழகியிருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மூச்சு வெளியே வந்தபோது அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கட்டடம் கேட்டதில்லை.

"நிறுத்துங்கடி மிஷின!"

எல்லா லைனும் நின்றது. தமிழ்செல்வி லைன்கூட. குமரேசன் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

"முருகனுக்கு..."

"அரோகரா!" என்றார்கள் அத்தனை பேரும். கயல்விழி எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாடி அரோகரா? ஊசி மொனை எங்கடி? காந்தத்த எட்ரா குமரேசா! ஒரு கவுனும் நகரக் கூடாது. கொழந்த உடம்புல குத்துமேன்னு ஒருத்திக்காவது பயம் கீதா? கயலு, நீ அன்னிக்கு லேட்டா வந்தப்ப பரவால்லன்னு சொன்னேன்ல? பொய்டி! பரவா கீது! ரொம்பப் பரவா கீது! காலைல போன் பண்ணா எடுக்க மாட்டியா, பஸ்ஸு கவுந்துச்சோன்னு இங்க ஒருத்தி பதறிக்கினு நிக்கிறது உனுக்கு இன்னா தெரியும்?"

இரண்டு வாரப் பாக்கி முழுவதும் வெளியே வந்தது. ஒவ்வொருத்தியும் தன் முறை வந்தபோது முகம் மலரத் திட்டு வாங்கிக்கொண்டாள். இதற்கிடையில் குமரேசன் கட்டுக் கட்டாகக் காந்தத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். கைமாறிப் போன அந்தக் கவுன் கட்டில், ஒரு மஞ்சள் கவுனின் மடிப்புக்குள்ளிருந்து முனை 'டக்' என்று வந்து ஒட்டிக்கொண்டது.

அக்கா அதை அட்டையில் ஒட்டினாள். அப்போதுதான் மேலே இருக்கிறவர்கள் அவள் நினைவுக்கு வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் கீழேயே வந்து நின்றிருந்தார்கள்.

"போச்சு," என்றாள் தனக்குள். ஆனால் குரல் இன்னும் இறங்கியிருக்கவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

சூர்யபிரகாஷ் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பெண்களைப் பார்த்துக் கேட்டான். "இந்த ரெண்டு வாரம் உங்களுக்கெல்லாம் நிம்மதியா இருந்துச்சா?"

"பயந்து செத்துட்டோம் சார்," என்றாள் கயல்விழி. "அக்கா சாவப்போவுதுன்னு நெனைச்சோம்."

"யாருடி சாவப்போறது?"

நிர்மலா மேடம் சிரிக்கவில்லை. "அனுசுயாம்மா, நான் கவலையக் குறைக்கத்தான் சொன்னேன். நீங்க அத மறைச்சு வெச்சிருக்கீங்க. மறைச்சா எடை கூடத்தான் செய்யும். இத்தன பேர் கவலையையும் ஒருத்தரே தூக்குனா எப்படி? இவங்களுக்கும் பங்கு குடுங்க."

"கவலையவா? பங்கு வெச்சுக் குடுக்கவா?"

"ஆமா. ஊசிக்கு ஒருத்தர் கவலைப்படட்டும், பஸ்ஸுக்கு ஒருத்தர்."

யாருக்கு எது என்று அக்கா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அதற்குள் சூர்யபிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்சார்ஜ் விஷயம்..."

"தமிழ்செல்விக்குக் குடுத்துடு தம்பி," என்றாள் அக்கா. கண் கலங்கிவிட்டது. "ஆனா ஒண்ணு. மொனை கெடைக்காம கவுனு வெளிய போவக் கூடாது. அத மட்டும் அவகிட்ட எழுதி வாங்கிக்க."

"எனக்கு வேணாம் சார்," என்று தமிழ்செல்வி பக்கத்திலிருந்து சொன்னாள். "அக்கா கத்துறப்ப என் லைனும் சேந்து நின்னுச்சு பாத்தீங்கல்ல? எல்லா லைனும் யாரு பேச்சக் கேக்குதோ அவங்கதான இன்சார்ஜ். அதோட அந்த ரூம்ல ஏ.சி. ரொம்பக் குளிரு."

அவள் எதையும் தியாகமாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே குளிர் ஆகாது. சூர்யபிரகாஷ் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீங்கதான்க்கா. நான் மேல இருந்து முனை எங்கன்னு வேர்த்துக்கிட்டிருந்தேன். நீங்க கத்தினதுக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது."

சந்தோஷம் ஓய்வதற்குள் குமரேசன் ஆரம்பித்துவிட்டான். "அப்ப நாளைக்கே மலைக்குப் போயிடலாங்க்கா. லேட் பண்ணக் கூடாது."

"எதுக்குடா?"

சொன்னான். கயல்விழியும் தன்னுடையதைச் சொன்னாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் தயங்கித் தயங்கி மேலே எழுந்தன. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், பாவா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து தன் வேண்டுதலையும் சேர்த்துச் சொன்னார்.

"என் தலை இன்னாய்யா பஸ் ஸ்டாண்டா? ஆளாளுக்கு வந்து எறங்குறதுக்கு?"

பாவா பின்வாங்கவில்லை. "ரெண்டு பக்க வேண்டுதலும் பலிச்சிருக்குதே! ஒரே மொட்டைல எல்லாம் கழியுமா, இல்ல வளந்தப்புறம் இன்னொண்ணு போடணுமா, அதக் கேட்டுக்கலாம்."

அக்கா இன்சார்ஜாக எடுத்த முதல் முடிவு அதுதான். யார் வேண்டினார்களோ அவர்கள் தலைதான் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவன்தான் பொறுப்பு, இது கம்பெனி சட்டம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் மலைப்படிக்கட்டில் வரிசையாக ஏற்றினாள், லைன் கலையாமல். குமரேசன் முழு மொட்டை. பெண்களுக்குப் பூமுடி, நுனியில் மூன்று விரல் அளவு. முடி எடுக்கிற ஒவ்வொருவரிடமும், "பிளேடு புதுசா? காட்டுங்க," என்று கேட்டபடி நின்றாள்.

பாவா மட்டும் நிம்மதியாக ஓரத்தில் நின்றிருந்தார். "எங்கிட்டதான் ஒண்ணும் இல்லியே."

அக்கா அவருடைய மீசையைப் பார்த்தாள்.

"இது முடி இல்ல அனுசுயா. இது மீசை."

"வந்து உக்காருய்யா."

மீசை போன பாவாவைப் பார்த்து நானே யாரோ என்று நினைத்துவிட்டேன். மேலுதட்டில் சந்தனம் தடவிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். எல்லாம் முடிந்ததும் அக்காவுக்குப் புதுக் கவலை வந்தது. சாமியிடம் சொன்னது அவள் முடியை. கொடுத்தது மற்றவர்களுடையதை. ஏற்றுக்கொள்வாரா, மாட்டாரா? கடைசியில் தானும் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ எடுக்கட்டும்மா?" என்று முடி எடுக்கிற பெண் கேட்டாள்.

"மூணு விரல். யார் விரலு? உங்க விரலு கொஞ்சம் தடிமனா கீதே. என் விரல வெச்சு அளங்க."

திங்கட்கிழமை அக்கா மாடிப்படி ஏறிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே ஒரு கவுன் கட்டு தப்பான மிஷினுக்குப் போவதைப் பார்த்துக் கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, தொட்டி மீன் மாதிரி வாய் அசைவதைக் கண்டு சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் மேஜையைக் கீழே இறக்கி, எல்லா லைனும் சந்திக்கிற இடத்தில் போடச் சொல்லிவிட்டாள். நாற்காலியும் வந்தது. அவள் உட்காரவே இல்லை என்பதால், குமரேசன் இஸ்திரி போட்ட கவுன்களை அதன்மேல் அடுக்கிக்கொண்டான்.

நான் திரும்பிப் போகிற அன்று காலையில் கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். கவலையைப் பங்கு வைத்துக் கொடுத்தாயிற்று. கயல்விழி ஊசிக்கு, தமிழ்செல்வி பஸ்ஸுக்கு, குமரேசன் டீசலுக்கு. அவரவர் தங்கள் கவலையைச் சரியாகப் படுகிறார்களா என்பது அக்காவின் கவலை. தினமும் காலையில் எல்லோரும் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அன்றைக்கும் வரிசை நின்றுகொண்டிருந்தது. ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டேன். "இப்பல்லாம் கண்ண மூடிக்கினு தூங்குறேன்டா," என்றாள்.

அந்த நேரத்தில் சூர்யபிரகாஷ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். சட்டைப் பையில் கை வைத்தபடி தயங்கித் தயங்கி மேஜைக்கு அருகில் வந்தான்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு சொல்லணும். அந்த அடுத்த ஆர்டர் வருமா வராதான்னு..."

அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"லைன்ல நில்லு தம்பி. கயலுக்கு அப்புறம்தான் நீ."